கடல் கடந்து வந்த மாணவருக்குக் கட்டணம் கட்டியவர்கள்

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஏழை மாணவருக்கென்று ஒதுக்கப்பட்ட முதல் பணம் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. ஹார்வர்ட் கல்லூரி 1636இல் தொடங்கியது. ஏழு ஆண்டுகள் கழித்து, லண்டன் மேயராக இருந்து மறைந்த ஒருவரின் மனைவி ஆன் ராட்கிளிஃப் அதற்கு 100 பவுண்டு கொடுத்தார். அதன் வருவாயில் வசதியற்ற மாணவர் ஒருவர் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பின்னாளில் ஹார்வர்டை ஒட்டி எழுந்த பெண்கள் கல்லூரிக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். அமெரிக்கப் பணத்தில் வெளிநாட்டு மாணவர் படிப்பது தொடங்க மேலும் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தொடங்கிய நாளிலிருந்தே அதற்கு நிபந்தனையும் உண்டு. கொடுப்பவர் யார், அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்பதை வைத்தே யாருக்குக் கிடைக்கும் என்பது முடிவானது. சமயச் சபை, அரசு, செல்வந்தர், கல்லூரி என்று கை மாறினாலும் இந்த விதி மாறவில்லை.

1817இல் கனெக்டிகட் மாநிலத்தின் கார்ன்வால் என்ற சிற்றூரில் ‘அமெரிக்கன் போர்டு’ என்ற மிஷனரி அமைப்பு வெளிநாட்டவருக்கும் பழங்குடியினருக்கும் ஒரு பள்ளியை நிறுவியது. யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்திய அதே அமைப்புதான் இது. ஹவாய்த் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்த இளைஞர்களும் செரோக்கி முதலிய பழங்குடி மாணவர்களும் அங்கே சேர்ந்தார்கள். படிப்புச் செலவைச் சபையாரின் நன்கொடை தாங்கியது. படித்து முடித்ததும் சொந்த மண்ணுக்குத் திரும்பிக் கிறிஸ்தவ சமயத்தைப் பரப்ப வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. செரோக்கி மாணவர் இருவர் அவ்வூர் வெள்ளைக்காரப் பெண்களை மணக்க முற்பட்டபோது ஊர் கொதித்தெழுந்தது. 1826இல் பள்ளி மூடப்பட்டது. உதவி பெற்றவர் உதவி செய்தவருக்குச் சமமாக நிற்பதை அந்த ஊரால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த தலைமுறையில் வந்த யுங் விங்கின் கதை விரிவாகச் சொல்லத் தகுந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் சீனர் அவர். மக்காவ் அருகே ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்தவர். ஆசிரியர் சாமுவேல் பிரௌன் 1847இல் தாயகமான அமெரிக்காவுக்குத் திரும்பியபோது அவரையும் வேறு இரண்டு மாணவர்களையும் உடன் அழைத்து வந்தார். மாசச்சூசெட்ஸில் மான்சன் பள்ளியை முடித்தபின் யேல் கல்லூரிக்குப் போக ஆசை, கையில் காசில்லை. ஏழை மாணவருக்கான நிதி ஒன்று மான்சன் பள்ளியிலேயே இருந்தது. மிஷனரியாகப் பணியாற்றுவேன் என்று எழுதிக்கொடுத்தால் அதைத் தரப் பள்ளி நிர்வாகம் முன்வந்தது. யுங் விங் மறுத்துவிட்டார். சீனாவுக்குத் தன்னால் என்னென்ன வழிகளில் பயன்பட முடியுமோ, அத்தனையையும் ஒரு கையெழுத்தில் அடைத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், கையில் ஒன்றுமில்லாத ஓர் ஆசிய இளைஞன் இப்படி மறுத்தது சாதாரணத் துணிவன்று.

கடைசியில் ஜார்ஜியா மாநிலத்தின் சவான்னா நகரப் பெண்கள் சங்கம் ஒன்று நிபந்தனையின்றிக் கைகொடுத்தது. மிச்சத்துக்கு அவரே உழைத்தார். சக மாணவர்களின் சாப்பாட்டு விடுதியில் மேற்பார்வை பார்த்தார். மாணவர் மன்றத்தின் நூலகத்தில் வேலை செய்தார். 1854இல் பட்டம் பெற்றார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து ஜப்பானிலிருந்து வந்த நீஜிமா ஜோ வேறொரு வழியில் படித்தார். நாட்டைவிட்டு வெளியேறுவது மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்த 1864இல் அவர் கள்ளத்தனமாகக் கப்பலேறினார். அவரைப் பாஸ்டனில் கொண்டுவந்து சேர்த்த கப்பலின் உரிமையாளர் ஆல்ஃபியஸ் ஹார்டி படிப்புச் செலவு முழுவதையும் ஏற்றார். 1870இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் பெற்ற நீஜிமா, 1875இல் கியோட்டோவில் தோஷிஷா பள்ளியை நிறுவினார். அதுவே இன்றைய தோஷிஷா பல்கலைக்கழகம்.

யுங் விங் ஊர் திரும்பியதும் தன் அரசை விடாமல் வற்புறுத்தினார். அதன் பலனாக 1872 முதல் சீன அரசு தன் செலவில் 120 சிறுவர்களைக் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்ட் பகுதிக்கு அனுப்பியது. பையன்கள் அமெரிக்கர்களாகவே மாறிவிடுகிறார்கள் என்ற அச்சம் பீகிங்கில் வளர்ந்தது. அமெரிக்க ராணுவ, கடற்படைக் கல்லூரிகளும் அவர்களைச் சேர்க்க மறுத்தன. 1881இல் எல்லோரும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அவர்களில் பட்டம் முடித்த ஒரு சிலருள் ஒருவரான ஜான் தியான்யூ, வெளிநாட்டுப் பொறியாளர் துணையின்றிப் பீகிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்கு ரயில் பாதை அமைத்தார்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் அமெரிக்க அரசே களத்தில் இறங்கியது. புதிதாகக் கைப்பற்றிய பிலிப்பைன்ஸிலிருந்து 1903இல் மாணவர்களை வரவழைத்தது. நிர்வாக அலுவலர்களை உருவாக்குவதே நோக்கம். பாக்ஸர் கிளர்ச்சிக்குத் தண்டமாகச் சீனாவிடம் வசூலித்த தொகையில் ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட மிகுதி இருப்பதைக் கண்டு, 1908இல் அதைத் திருப்பித் தர முடிவு செய்தது. அந்தப் பணத்தில் சீன மாணவர்கள் அமெரிக்காவில் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்களைத் தயார்ப்படுத்த எழுந்த பள்ளிதான் இன்றைய சிங்ஹுவா பல்கலைக்கழகம். சீன இலக்கியத்தில் பேச்சு நடையைக் கொண்டுவந்த ஹூ ஷி, 1910இல் இந்தப் பணத்தில்தான் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

இந்தியாவுக்கு அப்படி ஓர் அரசு இல்லை. பிரிட்டிஷ் அரசின் கண் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மீதே இருந்தது. அமெரிக்கா சென்ற இந்தியர் சமஸ்தானங்களையும் சொந்தக் கைகளையும் நம்பினார்கள். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்குக் கொடுத்த உதவித்தொகையில் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டே அவர் கப்பலேறினார்.

கலிஃபோர்னியாவில் நடந்தது வேறு வகை. அங்கே பஞ்சாபிலிருந்து குடியேறி, குத்தகை நிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பொருள் சேர்த்த ஜுவாலா சிங் என்ற விவசாயி இருந்தார். அவரும் நண்பர்களும் 1912இல் குரு கோவிந்த் சிங் பெயரில் ஓர் உதவித்தொகை ஏற்படுத்தி, இந்தியாவிலிருந்து மாணவர்களைப் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வரவழைத்தார்கள். தேர்வில் மதம் பார்க்கவில்லை. அதிகம் படிக்காத தொழிலாளர்கள், தங்களை வெள்ளையர் இழிவாக நடத்திய ஒரு நாட்டில், வயலில் சம்பாதித்த பணத்தைத் தங்கள் நாட்டுப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்குத் தந்தார்கள். பெரும் அறக்கட்டளைகளின் பெயர்கள் நிறைந்த இந்த வரலாற்றில் இந்தச் சிறிய ஏற்பாட்டுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. அடுத்த ஆண்டே அதே மேற்குக் கரையில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கதர் (Ghadar) இயக்கம் உருவாயிற்று.

உதவித்தொகை கிடைக்காதவர்கள் கூலி வேலை பார்த்துப் படித்தார்கள். 1922இல் கலிஃபோர்னியாவில் இறங்கிய ஜெயப்பிரகாஷ் நாராயண் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தார். உணவகத்தில் தட்டுக் கழுவினார். பெர்க்லியில் கட்டணம் உயர்ந்தபோது தாக்குப்பிடிக்க முடியாமல் கட்டணம் குறைந்த அயோவாவுக்கு மாறினார். அங்கிருந்து விஸ்கான்சின், பிறகு ஒஹையோ என்று கல்லூரி கல்லூரியாக நகர்ந்து முதுகலைப் பட்டம் பெற்றார்.

பெண்களுக்கு வழி இன்னும் குறுகியது. அதை அகலமாக்கியவற்றுள் முக்கியமானது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பார்பர் உதவித்தொகை. லீவை பார்பர் என்ற வழக்கறிஞர் 1917இல் ஆசியப் பெண்களுக்கென்றே இதை நிறுவினார். தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்திய இ.கே. ஜானகி அம்மாள் இந்த உதவியில்தான் மிச்சிகன் சென்றார். 1931இல் தாவரவியலில் ஆய்வுப் பட்டம் பெற்றார். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பின்னர் செய்த கலப்பின ஆய்வுகள் உலகறிந்தவை.

இதற்கிடையே சட்டமும் மாறியது. 1919இல் நியூயார்க்கில் தொடங்கிய பன்னாட்டுக் கல்வி நிறுவனம், குடியேற்றக் கட்டுப்பாடுகள் இறுகிய காலத்தில் மாணவர்களைத் தனி வகையாகக் கருத வேண்டும் என்று வாதாடியது. 1924ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியர் குடியேற்றத்தைப் பெரும்பாலும் தடுத்துவிட்டு, மாணவரை ஒதுக்கீட்டுக்கு வெளியே தற்காலிகமாக அனுமதித்தது. மாணவராக வரலாம், குடியிருக்க வரக் கூடாது. இந்தப் பிரிவே இன்றைய மாணவர் விசாவுக்கு மூதாதை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நோக்கம் அரசியலாயிற்று. ஆர்கன்சாவின் செனட்டர் ஃபுல்பிரைட் கொண்டுவந்த சட்டம் 1946 ஆகஸ்டில் கையெழுத்தானது. போர்க்காலத் தளவாடங்களை வெளிநாடுகளில் விற்று வந்த பணத்தில் மாணவர் பரிமாற்றம் நடந்தது. இந்தியாவுடன் 1950 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1951இல் உணவுப் பஞ்சத்தைச் சமாளிக்க அமெரிக்கா 19 கோடி டாலர் கோதுமைக் கடன் தந்தது. அதற்கு இந்தியா கட்டிய வட்டியின் ஒரு பகுதியும் கல்விப் பரிமாற்றத்துக்கும் நூல்களுக்கும் செலவானது. ஆனால் இவை பெரும்பாலும் பட்டமேற்படிப்பு மாணவரையும் ஆசிரியரையுமே குறிவைத்தன. பள்ளி முடித்த பிள்ளைக்கு இவற்றால் பயனில்லை.

அந்தக் கதவைத் தட்டியது ஆப்பிரிக்கா. கென்யாவின் தொழிற்சங்கத் தலைவர் டாம் எம்போயா 1959இல் அமெரிக்கா முழுவதும் சுற்றிக் கல்லூரி கல்லூரியாக இடமும் கட்டணச் சலுகையும் கேட்டார். விடுதலை நெருங்கிக்கொண்டிருந்தது, நாட்டை நடத்தப் படித்தவர்கள் போதவில்லை. கல்லூரிகள் இடம் தந்தன. விமானக் கட்டணத்துக்குப் பணமில்லை. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன், பாடகர் ஹாரி பெலஃபான்டே, நடிகர் சிட்னி பொய்ட்டியே ஆகியோர் பொதுமக்களிடம் கையேந்தி நிதி திரட்டினார்கள். செப்டம்பரில் 81 மாணவர்களோடு விமானம் நியூயார்க்கில் இறங்கியது. அடுத்த ஆண்டுக்கான செலவை ஏற்க வெளியுறவுத் துறை முதலில் மறுத்தது. அதிபர் தேர்தலில் நின்ற ஜான் கென்னடியின் குடும்ப அறக்கட்டளை ஒரு லட்சம் டாலர் தந்தது. கறுப்பின வாக்குகள் முக்கியமான தேர்தல் அது. தேர்தல் கணக்கு இருந்தது உண்மை. அந்தப் பணத்தால் நூற்றுக்கணக்கானோர் படித்ததும் உண்மை. 1960இல் கான்சஸ் மாநிலத்தின் சிறிய கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றுக்கு வந்த வங்காரி மாத்தாய், 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

இந்த முயற்சியையொட்டி ஹார்வர்டின் சேர்க்கை அதிகாரி டேவிட் ஹென்றி முன்னின்று அமைத்த ஆப்பிரிக்க உதவித்தொகைத் திட்டம் செலவை மூன்றாகப் பங்கிட்டது. கல்லூரி கட்டணத்தை விட்டுக்கொடுத்தது; மாணவரின் நாடு பயணச் செலவை ஏற்றது; அமெரிக்க அரசு தங்கும் செலவையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டது. இளங்கலை மாணவருக்கான உதவியில் இவ்வளவு நேர்த்தியான பங்கீடு பிறகு அமையவில்லை. அரசுகள் விலகியதும் சுமை கல்லூரியின் தலையிலும் குடும்பத்தின் தலையிலுமாக விழுந்தது.

அதே ஆண்டுகளில் அமெரிக்க மாணவருக்கான உதவி முறையே தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் நன்றாகப் படிப்பவருக்குப் பரிசாகவே உதவித்தொகை தரப்பட்டது. நல்ல மாணவரை இழுக்கக் கல்லூரிகள் போட்டிபோட்டுத் தொகையை உயர்த்தின. ஹார்வர்டின் ஜான் மன்ரோ, குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் வைத்து அது எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்கிடும் முறையை உருவாக்கினார். அதை ஒட்டி 1954இல் கல்லூரி வாரியம் ஒரு பொது உதவித்தொகைப் பிரிவைத் தொடங்கியது. மொத்தச் செலவிலிருந்து குடும்பத்தின் பங்கைக் கழித்தால் கிடைப்பது மாணவரின் ‘தேவை’. இன்று உலகெங்கும் விண்ணப்பதாரர் நிரப்பும் ‘சிஎஸ்எஸ் புரொஃபைல்’ படிவம் அந்தப் பிரிவின் வழி வந்தது. 1965இல் அதிபர் லிண்டன் ஜான்சன், தான் படித்த டெக்சஸ் கல்லூரியிலேயே உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1972இல் இப்போது பெல் உதவி எனப்படும் திட்டமும் வந்தது. கோடிக்கணக்கான ஏழை அமெரிக்கர் இதனால் கல்லூரி மிதித்தார்கள். ஆனால் குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை போன்ற தகுதி உடையவர்களுக்கும் மட்டுமே இந்தப் பணம். மாணவர் விசாவில் வருபவருக்கு அதில் ஒரு டாலரும் கிடையாது. உள்ளூர் ஏழைக்கு அரசும் கல்லூரியும் சேர்ந்து தோள் கொடுக்க, வெளியூர் ஏழைக்குக் கல்லூரி மட்டுமே மிஞ்சியது.

பட்டமேற்படிப்பில் நிலைமை வேறு. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்க அரசு ஆராய்ச்சிக்குப் பணத்தைக் கொட்டியது. ஆய்வுக்கூடங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. முதலாண்டு வகுப்புகளுக்குப் பாடம் நடத்தவும் விடைத்தாள் திருத்தவும் கைகள் தேவைப்பட்டன. கட்டணத்தை விட்டுக்கொடுத்து மாதச் சம்பளமும் தரும் ‘அசிஸ்டன்ட்ஷிப்’ முறை இப்படித்தான் விரிந்தது. அதற்கு நாட்டு வேறுபாடு இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரியிலிருந்தும், 1959இல் தொடங்கிய சென்னை ஐஐடியிலிருந்தும் அறுபதுகள் முதல் அலையலையாகப் போனவர்கள் இந்த வழியில் போனவர்களே. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் கையில் எட்டு டாலருடன் விமானம் ஏறிய கதையை அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்வதுண்டு. ‘எய்ட் வந்துவிட்டது’ என்ற ஒரு கடிதம் நடுத்தரக் குடும்பத்தின் போக்கையே மாற்றியது. நிலத்தை விற்காமல், கடன் வாங்காமல் ஒரு பிள்ளை அமெரிக்கா போக முடிந்த காலம் அது. உழைப்புக்கு ஊதியமாக வந்த உதவி என்பதால் தலைகுனியவும் வேண்டியிருக்கவில்லை.

இளங்கலைக்கு வர விரும்பியவருக்கோ, கல்லூரியின் நிலைநிதி எவ்வளவு என்பதே எல்லாமாயிற்று. பணம் கேட்கிறாரா இல்லையா என்று பார்க்காமல் தகுதியை மட்டும் வைத்துச் சேர்க்கும் முறையை அமெரிக்க மாணவருக்குப் பல கல்லூரிகள் ஏற்றிருந்தன. வெளிநாட்டவருக்கு அதே கல்லூரிகள் தனிக் கணக்கு வைத்தன. ஆண்டுக்கு இவ்வளவு தொகை என்று ஒதுக்கி, அது தீர்ந்ததும் உதவி கேட்பவரைத் தவிர்த்தன. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் பங்குச் சந்தையில் நிலைநிதிகள் பெருத்திருந்த வேளையில் யேலும் பிரின்ஸ்டனும் வெளிநாட்டவருக்கும் தேவை பாராச் சேர்க்கையை விரித்தன. பிரின்ஸ்டன் 2001இல் கடனையே நீக்கி, முழுவதையும் திருப்பித் தர வேண்டாத உதவியாக மாற்றியது. 2008இல் ஆம்ஹர்ஸ்ட் அந்த வரிசையில் சேர்ந்தது.

சேர்ந்த எல்லாக் கல்லூரிகளாலும் நிலைத்து நிற்க முடியவில்லை. 2008இன் நிதி நெருக்கடியில் நிலைநிதிகள் சரிந்தன. வில்லியம்ஸ் கல்லூரி 2010இல் வெளிநாட்டவருக்கான இந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தது. டார்ட்மத் கல்லூரியும் ஒருமுறை ஏற்றுப் பின் விலகியது. பெயர் சொல்லாத கொடையாளர் ஒருவரின் 4 கோடி டாலர் கைகொடுத்ததும் 2022 ஜனவரியில் மீண்டும் ஏற்றது. அதே ஆண்டில் போடோய்ன் கல்லூரியும் சேர்ந்தது. பணம் குறையும்போது கல்லூரிகள் முதலில் கை வைப்பது வெளிநாட்டு மாணவரின் பங்கில்தான் என்பதற்கு இவையே சான்று. உள்ளூர் மாணவருக்குத் தொகுதிப் பிரதிநிதி உண்டு, குரல் கொடுக்கும் பெற்றோர் உண்டு. வெளிநாட்டு விண்ணப்பதாரருக்கு அங்கே யாருமில்லை.

தனிக் கொடையாளர்கள் அந்த இடைவெளியில் நுழைந்தார்கள். முதலீட்டாளர் ஷெல்பி டேவிஸ் 2000இல் தொடங்கிய திட்டம், பல நாடுகளில் உள்ள யுனைட்டெட் வேர்ல்டு பள்ளிகளில் படித்தவருக்கு உதவுகிறது. பிரின்ஸ்டன், வெல்ஸ்லி உள்ளிட்ட ஐந்து கல்லூரிகளோடு ஆரம்பித்து இன்று ஏராளமான கல்லூரிகளுக்கு அது பரவியிருக்கிறது. அந்தப் பள்ளிகளுள் ஒன்றான, புனே அருகே உள்ள மஹிந்திரா பள்ளியின் மாணவரும் இதில் அடக்கம். கார்னெலின் பழைய மாணவரான ரத்தன் டாட்டா தலைமையில் இருந்த டாட்டா அறக்கட்டளை 2008இல் அங்கே இந்திய இளங்கலை மாணவருக்கென்று 2.5 கோடி டாலர் நிதி ஏற்படுத்தியது. கென்டக்கியின் பெரியா கல்லூரி தனி ரகம். 1892 முதல் அங்கே யாரும் கல்விக் கட்டணம் கட்டியதில்லை. ஒவ்வொரு மாணவரும் வளாகத்தில் வேலை செய்தாக வேண்டும். ஆண்டுதோறும் சில வெளிநாட்டவரையும் அதே விதிப்படி சேர்க்கிறது.

பெரும்பான்மைக் கல்லூரிகளின் போக்கு எதிர்த் திசையில் போனது. மாநில அரசுகள் மானியத்தைக் குறைத்தபோது, அரசுப் பல்கலைக்கழகங்கள் முழுக் கட்டணம் கட்டும் வெளிநாட்டவரைத் தேடிப் போயின. இலினாய் பல்கலைக்கழகத்தின் வணிகவியல், பொறியியல் கல்லூரிகள், சீன மாணவர் வருகை திடீரெனக் குறைந்தால் ஏற்படும் இழப்புக்குக் காப்பீடே எடுத்தன. சபையாரின் காணிக்கையில் படித்த மாணவரின் வாரிசு, கல்லூரிக்கு வருவாய் தருபவராக ஆகிவிட்டார். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த வெளிநாட்டு மாணவர் 11,26,690 பேர். அவர்களில் இந்தியர் 3,31,602 பேர், எல்லா நாட்டவரையும்விட அதிகம். பாதிக்கு மேற்பட்டோரின் செலவைக் குடும்பமே ஏற்கிறது. இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் வகுத்தபின், ‘எய்ட்’ இருந்த இடத்தை நம் வீடுகளில் பெரிதும் கடன் பிடித்துக்கொண்டது. அந்தக் கடனை உதவி என்று அழைப்பது நியாயமாகாது.

இன்று விண்ணப்பிக்கும் இளங்கலை மாணவரின் முன் இருக்கும் நடைமுறை இந்த வரலாறு விட்டுச்சென்றது. அரசின் பொதுப் படிவம் அவருக்குப் பயன்படாது. சிஎஸ்எஸ் புரொஃபைலோ கல்லூரியின் சொந்தப் படிவமோ நிரப்ப வேண்டும். பெற்றோரின் வருமானம், சேமிப்பு, சொத்து எல்லாவற்றுக்கும் சான்று காட்ட வேண்டும். இடம் கிடைத்தபின், ஓராண்டுச் செலவுக்கு வழியிருக்கிறது என்று நிரூபித்தால்தான் விசாவுக்கான ஐ-20 படிவம் வரும். 2024-25இல் ஹார்வர்டின் ஆண்டுச் செலவு 82,866 டாலராக இருந்தது. படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம் என்பதால், ஜெயப்பிரகாஷ் போல வெளியே உழைத்துப் படிக்கும் வழியும் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. வெளிநாட்டவரின் தேவையைப் பாராமல் சேர்த்து, தேவை முழுவதையும் தரும் கல்லூரிகளை இரு கை விரல்களுக்குள் ஏறக்குறைய அடக்கிவிடலாம். மற்றவற்றில் உதவி கேட்பது சேர்க்கை வாய்ப்பைக் குறைக்கலாம். அதற்காகக் கேட்காமல் சேர்ந்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது ஆபத்து: முதல் விண்ணப்பத்தில் உதவி கேட்காத வெளிநாட்டு மாணவருக்கு, பல கல்லூரிகளில் பின்னர் கேட்கும் உரிமையே இல்லை.